ஏர் ஃப்ரையரில் பட்டை மணக்கும் பலகாரம்: மிட்ராண்ட் தங்கைக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் பக்கமுள்ள மிட்ராண்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, வீட்டில் புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கிறோம். கடையில் விற்கும் உறைந்த பஃப் பேஸ்ட்ரியை விரித்து, வெண்ணெய் தடவி, சீனியும் பட்டைத்தூளும் தூவிச் சுருட்டி அதில் சுடுகிறேன். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எண்ணெயே ஊற்றாததால் இது ஆரோக்கியமானதுதானே? மாமனாருக்குச் சர்க்கரை நோய். அவருக்கும் ஒன்றிரண்டு கொடுக்கலாமா? இன்னும் நல்லதாக்க என்ன செய்வது?"

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தூத்துக்குடியில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து 22 வருடமாகிறது. அதில் 9 வருடம் ஒரு ஹோட்டல் பேக்கரியில் வேலை பார்த்தேன். அதன் பிறகு வீட்டிலிருந்தே தீபாவளிக்கும் கல்யாணங்களுக்கும் பலகாரம் செய்து கொடுத்து வருகிறேன். என் கணவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. அதனால் உங்கள் கேள்வியை என் அடுப்படியில் நானே பல முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரான பதில். நீங்கள் செய்வது ருசியான பலகாரம். ஆனால் ஏர் ஃப்ரையரில் செய்ததால் அது ஆரோக்கியமாகிவிடவில்லை. பஃப் பேஸ்ட்ரியை யாரும் எண்ணெயில் பொரிப்பதில்லை, ஓவனில்தான் சுடுவார்கள். ஏர் ஃப்ரையர் என்பதும் விசிறி வைத்த ஒரு சின்ன ஓவன்தான். மேலே சூடேறும் கம்பி, அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே ஓட்டைபோட்ட கூடை. அவ்வளவுதான் அதன் ரகசியம். பஃப் பேஸ்ட்ரியின் கொழுப்பு வெளியிலிருந்து வருவதில்லை. அது மடிப்பு மடிப்பாக உள்ளேயே இருக்கிறது. மாவும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கப்பட்டு, மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்குவதால்தான் அது உப்புகிறது. எந்த இயந்திரத்தில் வைத்தாலும் அந்தக் கொழுப்பு அங்கேயே இருக்கும்.

கணக்காகவே பாருங்கள். உங்கள் சுருள் ஒன்றில் 45 கிராம் பேஸ்ட்ரி இருந்தால் அதிலேயே ஏறத்தாழ 11 கிராம் கொழுப்பு இருக்கும். மேலே ஒரு டீஸ்பூன் வெண்ணெய், இரண்டு டீஸ்பூன் சீனி சேர்ந்தால் ஒரு சுருள் கிட்டத்தட்ட 240 கிலோகலோரி. குழந்தை ஒன்றோடு நிறுத்துவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். கடைப் பேஸ்ட்ரியில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் மார்கரின்தான் போடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் 100 கிராம் எண்ணெய் அல்லது கொழுப்பில் 2 கிராமுக்கு மேல், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் பாமாயிலின் நிறைகொழுப்பு அப்படியே இருக்கிறது.

அப்படியானால் ஏர் ஃப்ரையர் வீண் செலவா? இல்லவே இல்லை. அதைச் சரியான பண்டத்துக்குப் பயன்படுத்த வேண்டும். வழக்கமாக எண்ணெயில் மூழ்கிப் பொரிபடுவதை அதில் வைத்தால்தான் உண்மையான மிச்சம் கிடைக்கும். நம் டர்பன் அடுப்படிகளில் அப்படி இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று சமோசா. இன்னொன்று போளி. நம் ஊரில் சோமாசி என்போமே, தேங்காய்ப் பூரணம் வைத்துப் பிறை வடிவில் மடித்துப் பொரிப்பது, அதைத்தான் இங்குள்ள குடும்பங்கள் போளி என்கின்றன. நான் வந்த புதிதில், போளி கேட்டவர்களுக்குப் பருப்புப் போளியைத் தட்டிக் கொடுத்து, அவர்கள் முழித்ததைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே என் யோசனை இது. பஃப் பேஸ்ட்ரியை விட்டுவிட்டு, சமோசா மடிக்கும் பூர் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூர் என்பது மைதா, தண்ணீர், உப்பு, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவே. மெல்லிய வட்டங்களாகத் தேய்த்து, இடையில் எண்ணெயும் மாவும் தூவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடி தேய்த்து, கல்லில் அரைவேக்காடாக வாட்டி, நீளப் பட்டைகளாக வெட்டிப் பிரிப்பது. டர்பனில் எந்தக் கடையின் உறைபெட்டியிலும் கிடைக்கும். ஜோகனஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கமோ லெனேசியாவிலோ கேட்டுப் பாருங்கள். என் தராசில் ஒரு பூர் பட்டை 10 கிராம்தான் வருகிறது. உங்கள் பஃப் சுருளின் 45 கிராமுக்கு எதிரே இது எவ்வளவு சின்னது என்று பாருங்கள்! மொறுமொறுப்போ அதற்குச் சற்றும் குறைவில்லை.

உள்ளே என்ன வைப்பது என்பதற்கு முன் மணக்கும் இலவங்கப்பட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தப் பலகாரத்தின் உயிரே அதுதான்.

பட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று இலங்கையில் விளையும் உண்மையான இலவங்கப்பட்டை. நம் ஊர்க் கடைகளில் சுருள் பட்டை என்பார்கள், ஈழத்து மக்கள் கறுவா என்பார்கள். காகிதம் போல மெல்லிய தோல்கள் பல, சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். விரலால் நொறுக்கலாம். மற்றொன்று கேசியா. தடித்த ஒரே தோல், மரத்துண்டு போல இருக்கும், மிக்ஸியே முனகும். கறிக்கும் பிரியாணிக்கும் கேசியாவின் காரம் நன்றாகவே பொருந்துகிறது. இனிப்புக்கு இலங்கைப் பட்டையின் மென்மைதான் அழகு.

வித்தியாசம் ருசியோடு முடியவில்லை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. அளவு மீறி நாள்கணக்கில் உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.1 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று வரையறுத்திருக்கிறது. கேசியாத் தூளாகக் கணக்கிட்டால் 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் மகள் 20 கிலோ என்றால் முக்கால் கிராம்கூட இல்லை. எப்போதோ ஒரு நாள் தாண்டினால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் டிபன் டப்பாவில் பட்டைப் பலகாரம் போகிற வீடாக இருந்தால் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுங்கள். அதில் கூமரின் மிக மிகக் கொஞ்சம். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள், கேசியா என்று எழுதியிருந்தால் அது இதுவல்ல. நான் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் முழுப் பட்டையாகவே வாங்குகிறேன். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 2023 கடைசியில் அமெரிக்காவில் பட்டைத்தூள் சேர்த்த ஆப்பிள் கூழைச் சாப்பிட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது, அந்தத் தூளிலிருந்துதான். முழுப் பட்டையை வாங்கி, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் வாட்டி, ஆறவைத்துப் பொடித்துச் சலித்துக்கொண்டால் மணமும் இரண்டு மடங்கு, மனதுக்கும் நிம்மதி.

பட்டைக்கு இன்னொரு குணம் உண்டு, நமக்கு அதுதான் முக்கியம். அதன் மணம் நாக்கை இனிப்பு என்று நம்பவைக்கிறது. பட்டை சேர்த்த பண்டத்தில் சீனியைப் பாதியாகக் குறைத்தாலும் பாதி குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் அந்த மணம் கொழுப்பில்தான் கரையும். தண்ணீரில் குழைத்தால் தூள் ஊறி வழவழவென்று பசையாகிவிடும். அதனால் முதலில் ஒரு டீஸ்பூன் இளஞ்சூடான நெய்யில் பட்டைத்தூளைக் குழைத்து, அப்புறம் பூரணத்தில் சேர்ப்பேன். வெறும் தூளாகப் பேஸ்ட்ரி மேல் தூவினால் ஏர் ஃப்ரையரின் விசிறி பாதியை ஊதித் தள்ளிவிடும் என்பது வேறு.

சரி, பூரணம். மேற்குக் கேப் பகுதியின் பழைய அடுப்படிகளில், சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பட்டையோடும் நார்ச்சித் தோலோடும் சேர்த்து வேகவைப்பார்கள். பட்டை அங்கே வந்தது டச்சுக் கப்பல்களில். 1652-இல் கேப்பில் அவர்கள் அமைத்த தங்குதுறை வழியாகத்தான் கிழக்கத்திய வாசனைப் பொருட்கள் ஐரோப்பாவுக்குப் போயின. மில்க் டார்ட் என்ற பால் இனிப்பின் மேல் தூவுவதும், மழை நாளில் பான்கூக் என்ற மெல்லிய அப்பத்தில் சீனியோடு சேர்த்துச் சுருட்டுவதும் அந்தப் பட்டைதான். நார்ச்சி என்றால் என்ன? இங்கே குளிர்காலத்தில் சாலையோரமெல்லாம் பை பையாக விற்கிற, தோல் தளர்ந்த சின்ன ஆரஞ்சுப் பழம். அந்தப் பெயர் நம் நாரத்தையிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. ஒரு தமிழ்ச் சொல் கடல் தாண்டி வந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் குடியேறி, இன்று இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. முதன்முதலில் இதைக் கேட்ட நாளில் நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து நார்ச்சித் தோலைத் தூக்கிப் போடுவதில்லை. உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டு, ஜன்னலோரம் நாலைந்து நாள் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்கிறேன். மிட்ராண்டின் வறண்ட குளிரில் உங்களுக்கு இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

ஆகவே பூரணத்துக்குச் சர்க்கரைவள்ளியும் ஆப்பிளும். 14 முக்கோணங்களுக்கு ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி 250 கிராம், கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் ஒன்று. கிழங்கைத் தோலோடு 160 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் ஏர் ஃப்ரையரிலேயே மெதுவாகச் சுடுங்கள். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. அதனால் தனியாக இனிப்பே சேர்க்காமல் தேன் போல இருக்கும். ஆனால் உங்கள் மாமனாருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சுட்ட கிழங்கு, வேகவைத்த கிழங்கைவிட வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவருக்கும் சேர்த்துச் செய்கிற நாளில் தோலோடு தண்ணீரில் வேகவையுங்கள். இனிப்பு கொஞ்சம் குறையும், அதைப் பட்டையும் நார்ச்சித் தோலும் ஈடுகட்டும்.

ஆப்பிளைத் துருவி, எண்ணெய் இல்லாமல் ஒரு சட்டியில் ஆறேழு நிமிடம் கிளறுங்கள். சட்டியில் சாறு நிற்காத அளவுக்கு வற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் முழுப் பலகாரமும் போச்சு. பூரணத்தில் ஈரம் இருந்தால் பூர் உள்ளிருந்து ஊறி, வெளியே சிவந்தும் உள்ளே கொழகொழவென்றும் ஆகிவிடும். வற்றிய ஆப்பிளோடு மசித்த கிழங்கு, நெய்யில் குழைத்த ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள், அரை டீஸ்பூன் நார்ச்சித் தோல் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பை எடுத்துக் காட்டுவது அதுதான். வேர்க்கடலைக்குப் பதில் மெக்கடேமியா போட்டால் ராஜ வீட்டுப் பலகாரம். டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்தின் தென்கரைத் தோட்டங்களில் விளைவது எங்களுக்குச் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் கடலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த வெள்ளரி விதை போட்டாலும் நன்றாக இருக்கும்.

வெல்லம் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், ஆனால் நல்லது என்று நினைத்துப் போடாதீர்கள். வெல்லம், தேன், பழுப்புச் சீனி எல்லாம் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாள் சாப்பாட்டுச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், ஆறு டீஸ்பூன். நீங்கள் இப்போது செய்கிற சுருள் மூன்று சாப்பிட்டால் அது தீர்ந்துவிடும்.

இந்தச் சீனி விஷயத்தில் எனக்கு ஆழமான வருத்தம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் டர்பனில் இறங்கினார்கள். நடாலின் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வந்தார்கள். அந்தக் கரும்பை வெட்டியவர்களின் பேரன் பேத்திகள் வீடுகளில் இன்று சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்தால், இலைக்கு முன்னால் மாத்திரை டப்பாதான் முதலில் திறக்கிறது. இனிப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பலகாரம் இல்லாத தீபாவளி எனக்கும் வேண்டாம். அதே சந்தோஷத்தைக் குறைந்த சீனியில் கொடுக்க முடியும் என்பதைச் செய்து காட்டத்தான் இத்தனை முயற்சியும்.

பூரணத்தில் சீனி சேர்க்காததற்கு அதனால்தான் ஒரு மாற்று வைத்திருக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி சீனியை மாவாகப் பொடித்து, அரை டீஸ்பூன் பட்டைத்தூளோடு கலந்து வையுங்கள். முக்கோணங்கள் சூடாக வெளியே வந்ததும் சலிப்பான் வழியாக மேலே தூவுங்கள். 14-க்கும் சேர்த்து 12 கிராம்தான், ஒன்றுக்கு ஒரு கிராம்கூட வரவில்லை. ஆனால் நாக்கில் முதலில் படுவது அந்த மேல்சீனிதான், ஆகவே முழுதும் இனித்ததாகவே தோன்றும். ஹோட்டலில் கற்றதிலேயே எனக்கு மிகவும் உபயோகமாக இருப்பது இந்த ஒன்றுதான்.

மடிப்பது சமோசா போலத்தான். ஒரு டீஸ்பூன் மைதாவைத் தண்ணீரில் பசையாகக் கரைத்து வையுங்கள். பூர் பட்டையின் ஒரு முனையை முக்கோணமாக மடித்துப் பை செய்து, குவியலாக ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து, மடித்துக்கொண்டே போய் கடைசி முனையைப் பசையால் நன்றாக ஒட்டுங்கள். மூலைகளில் ஓட்டை விழாமல் பாருங்கள். டர்பனின் ஈரக்காற்றில் பூர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எங்கள் பாடு அது. உங்கள் பாடு வேறு. 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குளிர்காலத்தில் காற்று அவ்வளவு வறண்டிருப்பதால், பத்தே நிமிடத்தில் பூர் காய்ந்து மடிக்கும்போது வெடிக்கும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மேலே போர்த்தி, ஒவ்வொன்றாக உருவி எடுங்கள்.

எண்ணெய் தடவுவதைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். துளி எண்ணெய்கூட இல்லாமல் வைத்தால், மாவு வெள்ளையாகவே காய்ந்து, அட்டை மாதிரி வரும். சூட்டை மாவுக்குள் சீராகக் கொண்டுபோக மெல்லிய கொழுப்புப் படலம் வேண்டும். 14 முக்கோணங்களுக்கும் சேர்த்து இரண்டு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் போதும். பிரஷால் இரண்டு பக்கமும் தடவுங்கள். வாணலியில் பொரித்தால் இதைப் போலப் பல மடங்கு குடித்திருக்கும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் பொருட்கள் கூடையின் ஒட்டாத பூச்சில் பிசினாகப் படிந்து கெடுத்துவிடும். முட்டை தடவும் வழக்கமும் இதற்குத் தேவையில்லை. காவடி, புரட்டாசி விரதங்களில் செய்யும்போது அது ஒரு வசதி.

180 டிகிரியில் மூன்று நிமிடம் இயந்திரத்தைச் சூடாக்குங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். சுற்றிலும் காற்று ஓட இடம் இல்லாவிட்டால் இந்த இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாவது நிமிடம் திருப்பிவிட்டு, இன்னும் மூன்று நான்கு நிமிடம். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மாதிரி, அதனால் முதல் தடவை எட்டாவது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். கருஞ்சிவப்பு வரை விடாதீர்கள். மாவுப் பண்டங்கள் அதிக சூட்டில் கறுக்கக் கறுக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும், பட்டையும் கசக்கும்.

காகிதம் விரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் முதல் வருடம் கூடையில் வெறும் பேக்கிங் காகிதத்தை மட்டும் போட்டுச் சூடேற்ற வைத்தேன். விசிறி காகிதத்தை மேலே இழுத்து, சூட்டுக் கம்பியில் ஒட்டி, வீடு முழுக்கப் புகை. தீப்பிடிக்காதது அந்த நாளின் புண்ணியம். காகிதம் போடுவதானால் மேலே பண்டம் கனமாக உட்கார்ந்த பிறகுதான் கூடையை உள்ளே தள்ள வேண்டும். இந்தப் பலகாரத்துக்குக் காகிதமே தேவையில்லை. சரியாக ஒட்டாத பூர் முனையும் அந்தக் காற்றில் படபடத்துத் திறந்துகொள்ளும் என்பதால்தான் பசையை வலியுறுத்தினேன்.

இப்படிச் செய்தால் ஒரு முக்கோணம் என் கணக்கில் 65 முதல் 70 கிலோகலோரி. மூன்று சாப்பிட்டாலும் உங்கள் பழைய சுருள் ஒன்றைவிடக் குறைவு. கரண்டுச் செலவும் பெரிதில்லை. 1,500 வாட் இயந்திரம் கால் மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் முக்கால் யூனிட்டில் பாதிதான்.

மகள் சுருள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. மைதா 100 கிராம், ஆட்டா 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இதை மாஸ் 110 மில்லி விட்டு மிருதுவாகப் பிசையுங்கள். மாஸ் என்று இங்கே விற்கும் புளித்த பால் நம் கெட்டி மோருக்கு அண்ணன்தான், அதன் புளிப்பில் சோடா வேலை செய்து மாவை உப்ப வைக்கும். 80 கிராம் பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, நெய்யில் குழைத்த இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூளைச் சேர்த்து, தேய்த்த மாவின் மேல் பரப்பிச் சுருட்டி, 8 துண்டாக வெட்டுங்கள். 170 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். பேரீச்சம்பழத்தின் சர்க்கரை சீக்கிரம் கருகும், அதனால்தான் சூட்டைக் குறைத்தேன். ஈஸ்ட் போட்டு மாவு பிசைகிறவர்கள் பட்டைத்தூளை மாவுக்குள் கலந்துவிடாதீர்கள். அதிகமானால் அது ஈஸ்ட்டை மந்தமாக்கும், மாவு எழும்பாது. எப்போதும் பூரணத்தில்தான் பட்டையின் இடம்.

இனி மாமனார். பட்டை சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன, ஆனால் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மாத்திரைக்குப் பதில் பட்டை என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். கேசியாத் தூள் அடைத்த கேப்சூல்களை மருத்துவரைக் கேட்காமல் வாங்கவும் வேண்டாம். இந்த முக்கோணத்தில் சீனி குறைவு என்றாலும் மைதாவும் கிழங்கும் மாவுச்சத்துதான். அதனால் சாப்பாட்டுக்கு மேலே கொடுக்காமல், மாலை நான்கு மணிக்கு, ரூய்போஸ் என்ற இங்குள்ள மூலிகைத் தேநீரோடு, சீனி போடாமல், இரண்டு கொடுங்கள். அன்று ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய மீட்டரில் பாருங்கள். என் கணவருக்கு இரண்டு ஒத்துக்கொள்கிறது, மூன்றாவதில் ஏறுகிறது. உங்கள் மாமனாருக்கு எத்தனை என்பதை அவருடைய மீட்டரும் மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். சுடச்சுட அவர் கையில் முதலில் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வயதானவர்களுக்குப் பெரிய கஷ்டம்.

டிபன் டப்பாவுக்கு வைப்பதானால் கம்பித் தட்டில் முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் ஆவியில் நமுத்துவிடும். வார நாள்களில் நேரம் இருக்காது என்றால், சனிக்கிழமை சாயங்காலம் மகளையும் கூட வைத்துக்கொண்டு 30 முக்கோணம் மடியுங்கள். மேல்சீனி தூவாமல், எண்ணெய் தடவாமல், தட்டில் பரப்பி உறையவைத்து, கெட்டியானதும் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம். ஒரு மாதம் வரை ருசி மாறாது. எடுத்ததும் உருகவிடாமல், அப்படியே எண்ணெய் தடவி, இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். முதல் தடவை செய்ததும் பூர் எப்படி வந்தது என்று எழுதுங்கள். வெடித்திருந்தால் ஈரத்துணியைத்தான் முதலில் விசாரிப்பேன்.